தாலி கட்டுற நிமிஷத்துக்கு எத்தனை வாட்-அவர்?

கல்யாண மண்டபத்துல கடைசி வரிசையில உக்கார்ந்திருக்கீங்கன்னு வைங்க. மேடையில நடக்கிறது எதுவும் தெரியாது, கேமராமேன் முதுகு மட்டும் நல்லா தெரியும். அதுக்காகத்தான் இப்போ சின்ன ஊர் மண்டபத்துல கூட மேடை ஓரமா எல்.இ.டி. திரை வைக்கிறாங்க. ஸ்டாண்டுல நிக்கிற கேமராவுக்கு ஒயர் போதும். ஆனா மணமக்களைச் சுத்தி சுத்தி எடுக்கிற கேமராவுக்கு ஒயர் விட்டா பத்து பேர் தடுக்கி விழுவாங்க. அதனால அந்தக் கேமரா மேல ஒரு ட்ரான்ஸ்மிட்டர், மிக்சிங் டேபிள் பக்கம் ஒரு ரிசீவர், நடுவுல காத்து. கேமரா, மானிட்டர், ட்ரான்ஸ்மிட்டர் மூணுக்கும் சேர்த்து ஒரு பேட்டரி. இதுல எதை எப்படித் தேர்ந்தெடுக்கணும்ங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

எனக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. என் மாமா பாப்பிரெட்டிப்பட்டியில ஸ்டுடியோ வச்சிருக்கார். (பாப்பாரப்பட்டி இல்லைங்க, பாப்பிரெட்டிப்பட்டி. ரெண்டும் தருமபுரி மாவட்டம்தான். ஹாஸ்டல்ல நாலு வருஷமா சொல்லிட்டு இருக்கேன், இன்னும் ஒருத்தனுக்கும் பதியல.) போன ஆவணியில ஒரு கல்யாணத்துல சரியா கெட்டிமேளம் அடிக்கும்போது திரை கறுப்பாச்சு. இருபது செகண்ட் இருக்கும். வீடியோ ரெக்கார்டிங்ல எல்லாம் பதிவாகியிருந்தது. ஆனா மண்டபத்துல ஐந்நூறு பேர் பார்த்தது கறுப்புத் திரையைத்தான். பேசின பணத்துல ஒரு பகுதி வரல. அது கூட பரவாயில்ல, அந்தக் குடும்பத்து வழியா வர இருந்த ரெண்டு ஆர்டரும் வேற ஸ்டுடியோவுக்குப் போச்சு. அப்போ இருந்தது வாடகை செட். இனிமே சொந்தமா வாங்கணும்னு முடிவு பண்ணி, அத்தையோட நகையை வச்சு ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன் எடுத்திருக்கார். என்கிட்ட வந்து, "ஏன் மாப்ள, நாலு வருஷமா எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற. எது வாங்கறதுன்னு நீ சொல்லு"ன்னார்.

எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம் நான். லிங்க் பட்ஜெட்னா பரீட்சையில பதினாறு மார்க்குக்கு எழுதுவேன். அதையே மாமாவுக்குத் தமிழ்ல சொல்லணும்னா வாய் திறக்க மாட்டேங்குது. அப்படித் திக்கித் திக்கிச் சொல்லும்போதுதான் பாதி விஷயம் எனக்கே புரிஞ்சது.

முதல்ல பேட்டரி. கடையில எல்லாரும் சொல்றது மில்லி ஆம்பியர் கணக்கு. "இது இருபதாயிரம் சார், அது ஆறாயிரத்து எண்ணூறு தான் சார்." கேட்டா முதல்ல சொன்னதுதான் பெருசுன்னு தோணும். பார்க்க வேண்டியது வாட்-அவர். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினா வர்றது. 20000 மில்லி ஆம்பியர்-அவர்னு போட்ட பவர் பேங்க், உள்ள இருக்கிற செல்லோட 3.7 வோல்ட் கணக்குல 74 வாட்-அவர். 14.4 வோல்ட் வி-மவுண்ட் பேட்டரி 6800 மில்லி ஆம்பியர்-அவர்னா 98 வாட்-அவர். சின்ன கேமராக்காரங்க எல்லாரும் வச்சிருக்கிற என்.பி.எஃப். பெரிய சைஸ் பேட்டரி, 7.2 வோல்ட்ல 6600 போட்டிருந்தா, 47.5 தான்.

இதை மாமாகிட்ட மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை அவரே சொன்னார்: "அதாவது மாப்ள, மில்லி ஆம்பியர்ங்கறது மூட்டை எண்ணிக்கை. வோல்ட்டுங்கறது ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ. மில்லுக்குப் போனா எடை போட்டுத்தானே காசு, மூட்டைய எண்ணியா குடுப்பான்?" மரவள்ளி போடுற ஊர்க்காரர். என் ப்ரொபசர்ஸ் யாரும் இவ்வளவு சுருக்கமா சொன்னதில்ல.

அடுத்தது, நமக்கு எவ்வளவு தேவை? இதுக்கு ஸ்பெக் ஷீட்டை நம்ப வேண்டாம். ஒரு சின்ன டி.சி. வாட் மீட்டரை நடுவுல மாட்டி அளந்துடுங்க. காலேஜ் லேப்ல கேட்டா கிடைக்கும். மாமாவோட தோள் ரிக்ல கேமரா, மானிட்டர், ட்ரான்ஸ்மிட்டர் மூணும் ஓடும்போது 26 வாட் காட்டுச்சு. 98 வாட்-அவர்ல கடைசித் துளி வரைக்கும் எடுக்க முடியாது, வோல்டேஜ் மாத்துறதுலயும் கொஞ்சம் வீணாகும். பதினஞ்சு சதவீதம் கழிச்சா 83. அதை 26-ஆல வகுத்தா மூணு மணி நேரம் பத்து நிமிஷம்.

இப்போ கல்யாணத்தோட டைம்டேபிளை எடுத்துக்கோங்க. சாயந்தரம் ஆறரைக்கு ரிசப்ஷன் ஆரம்பிச்சா பதினொன்னு ஆகும். ரெண்டு பேட்டரி. விடியக்காலை நாலுக்கு ஆரம்பிச்சு ஒன்பது வரைக்கும் சடங்கு. இன்னொரு ரெண்டு. அதனால நாலு பேட்டரி, ஒரு சார்ஜர்னு மாமா எழுதி வச்சிருந்தார். ஒரு கல்யாணத்துக்கு அது சரிதான். ஆனா தை மாசம் அப்படியா வருது? காலையில ஒரு முகூர்த்தம் முடிச்சு, அன்னைக்கு சாயந்தரமே இன்னொரு ஊர்ல ரிசப்ஷன்.

பேட்டரியோட சேர்த்துக் குடுக்கிற சாதா சார்ஜர் 16.8 வோல்ட், 2 ஆம்பியர். அதாவது 33 வாட் சொச்சம். 98 வாட்-அவரை நிரப்ப மூணு மணி நேரம், கடைசியில கரண்ட் மெதுவா குறையறதையும் சேர்த்தா மூன்றரை. நாலு பேட்டரிக்குப் பதினாலு மணி நேரம்! யாரு நடுராத்திரி எழுந்து எழுந்து மாத்தறது? அதனால ஒரு பேட்டரியைக் குறைச்சு, மூணு பேட்டரி, ரெண்டு ஸ்லாட் சார்ஜர்னு மாத்தினோம். ராத்திரி பதினொன்றரைக்கு ரெண்டையும் மாட்டிட்டுப் படுத்தா நாலு மணிக்குள்ள ரெண்டும் ரெடி. மூணாவது தொடாம முழுசா இருக்கும். பேட்டரி வாங்கும்போது சார்ஜர் எவ்வளவு வேகம்னு கேக்கிறவங்க ரொம்பக் குறைவு. எனக்கு பேட்டரி சைஸை விட அதுதான் முக்கியமா படுது.

ஒரு எச்சரிக்கை. மண்டபத்து ப்ளக் பாயிண்டுக்கு ராத்திரி பெரிய போட்டி. சமையல்காரர் கிரைண்டர், சீரியல் லைட், மாப்பிள்ளைத் தோழன்களோட இருபது போன். மாமா மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் மேடையைப் பார்க்க மாட்டார், எந்தப் பாயிண்ட் ஜெனரேட்டர் லைன்ல இருக்குன்னுதான் பார்ப்பார். இது எந்த ஸ்பெக் ஷீட்லயும் இருக்காது.

போலி பேட்டரி பத்தியும் சொல்லணும். ஆன்லைன்ல பாதி விலைக்கு "200 வாட்-அவர்"னு வரும். கண்டுபிடிக்க தராசு போதும். இந்தப் பேட்டரிக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல செல் ஒண்ணு சுமார் 12 வாட்-அவர், எடை 48 கிராம் கிட்ட. அதாவது ஒரு கிலோ செல்லுக்கு 250 வாட்-அவர், அதுக்கு மேல பெருசா போகாது. 98 வாட்-அவர்னா எட்டு செல். 200னா பதினாறு செல் வேணும், செல் மட்டுமே முக்கால் கிலோ தாண்டும். அப்படின்னு போட்டிருக்கிற பேட்டரி மொத்தமே அரை கிலோ இருந்தா? மாமா ஒண்ணை எடுத்துட்டுப் போய் மளிகைக் கடைத் தராசுலயே வச்சுட்டார். கடைக்காரர் முழிச்சார். அதோட மேல் ஸ்டிக்கர்ல பி.ஐ.எஸ். முத்திரையும், ஐ.எஸ். 16046ங்கிற எண்ணும், ஆர்-ல ஆரம்பிக்கிற பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. லித்தியம் பேட்டரிக்கு இந்தியாவுல அது கட்டாயம்.

நிறைய பேட்டரி 98, 99னே ஏன் வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? விமானத்துல 100 வாட்-அவர் வரைக்கும் கைப்பையில அனுமதி கேக்காம கொண்டு போகலாம், 160 வரைக்கும் ஏர்லைன் ஒத்துக்கணும். பொம்மிடியில ரயில் ஏறுறவங்களுக்கு இந்த விதியால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா அந்த சைஸ்தான் நிறைய விக்குது, அதனால சர்வீசும் அதுக்குத்தான் சுலபமா கிடைக்குது. தோள் ரிக்ல பின்னாடி மாட்டினா முன்னாடி இருக்கிற லென்ஸுக்கு எதிர் எடையாவும் ஆகுது. 98ஏ போதும்.

பேட்டரி மேல இருக்கிற நாலு புள்ளி விளக்கை நம்பாதீங்க. லித்தியம் செல்லோட வோல்டேஜ் நடுவுல ரொம்ப நேரம் சமமா போய், கடைசியில பொத்துனு விழும். பல பேட்டரியில அந்த விளக்கு வோல்டேஜை மட்டும் பார்த்துத்தான் சொல்லுது. ரெண்டு புள்ளி இருக்கேன்னு நின்னா, திடீர்னு ஒண்ணும் இருக்காது. ஒரு பேட்டரியில மூணு கருவியும் ஓடுதுன்னா மூணும் ஒண்ணா அணையும், ட்ரான்ஸ்மிட்டர் திரும்ப ரிசீவரைத் தேடிப் பிடிக்கவும் நேரம் எடுக்கும். ஆவணியில அந்த இருபது செகண்ட் அப்படித்தான் போச்சுங்கிறது மாமா கணிப்பு. இப்போ அவர் வச்சிருக்கிற விதி: தாலித் தட்டு ஆசீர்வாதம் வாங்க சபைக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி பேட்டரியை மாத்திடணும். அதுல பாதி இருந்தாலும் சரி. தட்டு சுத்தி வர எப்படியும் அஞ்சு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள எல்லாம் செட் ஆயிடும். பர்சன்டேஜ் பார்க்கிறதை விட சடங்கைப் பார்க்கிறது நம்பகமானது.

நம்ம காலேஜ் குறும்பட டீமுக்கு இடையில ஒரு வார்த்தை. பெரிய சினிமா கேமரா வாடகைக்கு எடுத்து, டி-டாப்ல பவர் எடுக்கிற ட்ரான்ஸ்மிட்டரை எஸ்.டி.ஐ. கேபிள்ல இணைக்கிறீங்கன்னா, பவரை முதல்ல சொருகுங்க, எஸ்.டி.ஐ.யை அப்புறம். கழட்டும்போது எஸ்.டி.ஐ.யை முதல்ல. பவரோட நெகட்டிவ் முனை சரியா தொடாத அந்த நொடியில மொத்த கரண்டும் எஸ்.டி.ஐ. கேபிளோட மேல் உறை வழியா திரும்பப் பார்க்கும், கேமரா உள்ள இருக்கிற சிப் போயிடும். ஆரி மாதிரி கேமரா கம்பெனியே இதைப் பத்தி எச்சரிச்சிருக்கு. டெபாசிட் உங்க பணம்.

இனி வயர்லெஸ். இங்கயும் கடைக்காரர் சொல்ற முதல் எண் தூரம். 400 அடி, 1000 அடி. மாமா 1000 அடி செட் மேல கண்ணு வச்சிருந்தார். கடன்ல முக்கால்வாசி அதுக்கே போயிருக்கும். நான் கேட்டது ஒண்ணுதான்: "மாமா, நம்ம மண்டபம் எதாவது நூறு அடிக்கு மேல இருக்கா?" இல்ல. அப்போ 400 அடி செட்டே நாலு மடங்கு. ஆனாலும் கட் ஆகுதே, ஏன்?

கார்த்திகையில ஒரு 400 அடி செட்டை ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம். அறுவடை முடிஞ்ச ஒரு மரவள்ளிக் காட்டுல நான் ரிசீவரோட நின்னேன், மாமா கேமராவைத் தூக்கிட்டு வரப்பு மேல நடந்துட்டே போனார். ஆள் புள்ளியா தெரியற வரைக்கும் படம் சுத்தமா வந்துச்சு. மறுநாள் மண்டபத்துல அறுபது அடியில, கூட்டம் உக்கார்ந்திருக்கும்போது ஓகே, எழுந்து நின்னதும் படம் கட்டம் கட்டமா உடைஞ்சது.

கூட்டம் எப்போ எழுந்து நிக்கும்? தாலி கட்டும்போதுதான். சொல்லி வச்ச மாதிரி எல்லாரும் எழுந்து போனைத் தூக்குவாங்க.

இந்த செட் எல்லாம் பெரும்பாலும் 5 கிகா ஹெர்ட்ஸ் பக்கம் ஓடுது. அலை நீளம் அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம். மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி, இந்த அலையை நல்லா விழுங்கும். இன்னொண்ணு, ட்ரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒண்ணை ஒண்ணு பார்த்தா மட்டும் போதாது. நடுவுல ஒரு சுரைக்காய் வடிவத்துல இடம் காலியா இருக்கணும். ஃப்ரெனல் மண்டலம்னு படிச்சிருப்பீங்க. 30 மீட்டர் தூரத்துக்கு அதோட நடுப் பாகம் சுமார் 60 சென்டிமீட்டர் ஆரம், 100 மீட்டருக்கு 1.1 மீட்டர். மிக்சிங் டேபிள் மேல, மூணடி உயரத்துல ரிசீவரை வச்சா அந்தச் சுரைக்காய் முழுக்க ஆளுங்க தலையும் தோளும்தான். 1000 அடி செட் வாங்கினாலும் அந்த ஆளுங்க அங்கேயேதான் நிப்பாங்க.

அதனால ரிசீவரைப் பன்னிரண்டு அடி லைட் ஸ்டாண்டு மேல ஏத்தினோம். பாதி சரியாச்சு. மீதிக்கு மாமா ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் மாப்ள, ரிசீவர் மிக்சிங் டேபிள் பக்கத்துலதான் இருக்கணுமா?" இருக்கணும்னு ஒண்ணும் இல்ல! மேடை ஓரத்துல, பூ அலங்காரத்துக்குப் பின்னாடி ஸ்டாண்டைப் போட்டு, அங்கிருந்து சுவரோரமா மிக்சிங் டேபிள் வரைக்கும் எஸ்.டி.ஐ. ஒயர் இழுத்தா, காத்துல போற தூரம் அறுபது அடியில இருந்து இருபது அடியாகுது. தூரம் பாதியானா வர்ற சிக்னல் நாலு மடங்கு, மூணுல ஒண்ணானா ஒன்பது மடங்கு. ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் பத்துப் பதினஞ்சு மீட்டருக்கு மேல தகராறு பண்ணும். நல்ல எஸ்.டி.ஐ. ஒயர்ல 50 மீட்டர் சர்வசாதாரணம். ஆக, வயர்லெஸ் செட்டுக்குன்னு ஒதுக்கின பணத்துல ஒரு பகுதியை ஒயருக்குச் செலவு பண்ணோம். கேட்டா சிரிப்பா இருக்கும். வாங்கும்போதே ரிசீவர்ல எஸ்.டி.ஐ. வெளியீடு இருக்கான்னு பார்த்துக்கோங்க, விலை குறைஞ்ச செட்ல ஹெச்.டி.எம்.ஐ. மட்டும்தான் இருக்கும்.

தாமதம் பத்தி நண்பர்கள் நிறைய கேக்கறாங்க. சினிமாவுல ஃபோகஸ் இழுக்கிறவர் வயர்லெஸ் மானிட்டரைப் பார்த்துத்தான் இழுக்கணும், அதனால டெராடெக் போல்ட் மாதிரி ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான தாமதம் இருக்கிற செட் வேணும். விலை நமக்கு எட்டாது. கல்யாண செட்ல 0.1 செகண்ட் கிட்ட தாமதம் வரும். அது பரவாயில்லையா? சத்தம் 0.1 செகண்ட்ல 34 மீட்டர் போகும். கடைசி வரிசையில, மேடையில இருந்து நூறு அடி தள்ளி உக்கார்ந்தவருக்கு நாதஸ்வரமே கிட்டத்தட்ட அவ்வளவு லேட்டாத்தான் நேரா வருது. அவருக்குப் படமும் மேளமும் சேர்ந்தே வரும். முன் வரிசைக்காரங்க திரையைப் பார்க்கவே மாட்டாங்க. தாமதத்தைக் குறைக்க ஒரு ரூபாய் கூட அதிகமா போட வேண்டாம்னு சொல்லிட்டேன். இந்தக் கணக்கை மட்டும் மாமா ரெண்டு தடவை சொல்லச் சொன்னார், கஸ்டமர்கிட்ட சொல்லணுமாம்.

அப்புறம் சேனல். 2018 அக்டோபர்ல மத்திய அரசு 5 கிகா ஹெர்ட்ஸ்ல மொத்தம் 605 மெகா ஹெர்ட்ஸை லைசென்ஸ் தேவையில்லாத பகுதியா அறிவிச்சது. நமக்கு வசதி. ஆனா அதே இடத்துலதான் மண்டபத்து வைஃபையும் போன் ஹாட்ஸ்பாட்டும் ஓடுது. காலி மண்டபத்துல சேனல் தேடிப் பிரயோஜனம் இல்ல, கூட்டம் வந்தப்புறம் ஒரு தடவை ஸ்கேன் பண்ணுங்க. இதை விடப் பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு. பொண்ணு வீட்டுக்கு ஒரு ஸ்டுடியோ, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு ஸ்டுடியோ. ரெண்டு பேர்கிட்டயும் வயர்லெஸ் செட், ரெண்டும் ஒரே சேனல்ல நிக்கும். டீ குடிக்கும்போதே, "அண்ணே, நாங்க ரெண்டாவது, நீங்க ஏழாவது"ன்னு பேசி முடிச்சுக்கிறதுதான் ஒரே வழி. அதுக்கு ஆன்டெனா தியரி எதுவும் உதவாது.

கடைசியா வாங்கினது: 400 அடி செட் ஒண்ணு, 98 வாட்-அவர் பேட்டரி மூணு, ரெண்டு ஸ்லாட் சார்ஜர், 50 மீட்டர் எஸ்.டி.ஐ. ஒயர், பன்னிரண்டு அடி ஸ்டாண்டு. கடன் வாங்கினதுல கொஞ்சம் மிச்சம் வந்தது. அத்தையோட வளையல் ஒரு ஜோடியைத் திருப்பியாச்சு, சங்கிலி இன்னும் பேங்க்லதான் இருக்கு. தை, மாசி முகூர்த்தம் ஒழுங்கா போனா பங்குனிக்குள்ள மீட்டுடலாம்னு மாமா சொல்றார். அத்தை எதுவும் சொல்லல.

இப்போ மார்கழி, கல்யாணம் கிடையாது. லித்தியம் பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணி மாசக்கணக்குல வச்சா சீக்கிரம் கெடும், சுத்தமா காலியா வச்சாலும் கெடும். பாதி சார்ஜ்ல, வெயில் படாத இடத்துல வைக்கணும். மூணும் இப்போ பீரோவுல பட்டுப்புடவைக்குக் கீழ தட்டுல இருக்கு. பொங்கல் அன்னைக்கு ராத்திரி வெளிய எடுத்து சார்ஜ் போடணும்னு காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். முதல் ஆர்டர் தை மூணாம் தேதி, பொம்மிடி பக்கம், மாப்பிள்ளை வீட்டு ஸ்டுடியோ யாருன்னு இன்னும் தெரியல.